வங்கிக் கணக்கும் நம் முகவரியும்

தோட்டத் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை



சம்பளம், கிலோ, வீடு, காணி என்றுதான் இந்தக் கூட்டத்தில் வழக்கமாகப் பேசுவோம். இன்றைக்கு வங்கியில் கணக்குத் திறப்பது பற்றிப் பேசப் போகிறோம் என்று சொன்னபோது ஒரு தலைவர் சிரித்துவிட்டார். "காசு இருந்தால்தானே டீச்சர் கணக்கு?" என்று கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இப்போது நிலைமை மாறிவிட்டது. காசு இருக்கிறது, கணக்கு இல்லாததால் கைக்கு வராமல் இருக்கிறது.

எங்கள் அப்பா அம்மா காலத்தில் சம்பளம் என்றால் பெரட்டுக்களத்தில் மேசை போட்டு, பெயர் கூப்பிட்டு, கையில் எண்ணிக் கொடுத்தார்கள். 10ஆம் திகதி சம்பளம், 25ஆம் திகதி அட்வான்ஸ். வங்கி என்பது டவுனில் கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கட்டடம். நகை அடகு வைக்கப் போவதோடு சரி. இன்றைக்கு அப்படி இல்லை. ஊழியர் சேமலாப நிதி கணக்குக்குத்தான் போகிறது. அஸ்வெசும கணக்குக்குத்தான் போகிறது. பல்கலைக்கழகம் போகும் பிள்ளையின் மஹபொல கணக்குக்குத்தான் போகிறது. வெளிநாட்டில் வேலைக்குப் போன மகள் அனுப்புவதும் கணக்குக்குத்தான். ஆகவே வங்கி முகப்பில் நம் ஆள் ஒருவர் திருப்பி அனுப்பப்பட்டால், அது சும்மா ஒரு மரியாதைக் குறைவு என்று விட்டுவிட முடியாது. அவர் உழைத்த காசு அங்கேயே நின்றுவிடுகிறது.

ஒரு அக்காவின் கதையைச் சொல்கிறோம். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறோம். பெயர் வேண்டாம் என்றார், தோட்டத்தின் பெயரும் வேண்டாம் என்றார். எந்த வங்கி என்பதையும் நாங்கள் சொல்லப் போவதில்லை. ஏனென்றால் நீங்கள் எல்லோரும் உங்கள் டவுனில் உள்ள வங்கியை நினைத்துக்கொள்வீர்கள், அது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அந்த அக்கா 18 வயதில் பேர் பதிந்தவர். 55 வயதில் விலகினார். அத்தனை வருடமும் அவர் சம்பளத்தில் நூற்றுக்கு 8 பிடித்தார்கள், தோட்டம் நூற்றுக்கு 12 சேர்த்தது. அந்தக் காசை எடுக்க 'கே' படிவம் நிரப்ப வேண்டும். அதில் வங்கிக் கணக்கு இலக்கம் கேட்டிருக்கிறது. அக்காவிடம் கணக்கு இல்லை. மருமகளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு டவுனுக்குப் போனார்.

முதல் நாள். இலக்கத் துண்டு எடுத்து இரண்டு மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார்கள். முறை வந்தது. அடையாள அட்டையைக் கொடுத்தார். அட்டையில் இருப்பது அவர் பிறந்த தோட்டத்தின் முகவரி. கலியாணம் கட்டி இந்தத் தோட்டத்துக்கு வந்த பிறகு யார் அட்டையை மாற்றுகிறார்கள்? இருக்கிற இடத்துக்கு அத்தாட்சி வேண்டும், கரண்ட் பில் கொண்டுவா என்றார்கள். பில்லும் கையோடு இருந்தது. ஆனால் அது செத்துப்போன மாமனாரின் பெயரில் இருக்கிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் "லிபினய, லிபினய" என்று இரண்டு தரம் சொல்லிப் பில்லைத் திருப்பித் தள்ளினார். பிறகு "ஹெட்ட என்ன" என்றார். நாளைக்கு வா என்று அர்த்தம். அக்கா எங்களிடம் வந்து சொல்லும்போது, "என்ன என்னன்னு கேட்டாங்க டீச்சர், நானும் எல்லாத்தையும் சொன்னேன், அப்புறமும் என்னன்னே கேட்டாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவருக்கு அந்த அளவு சிங்களம் தெரியும். வேண்டுமென்றே சொன்ன பகிடி அது. ஆனால் மருமகள் சிரிக்கவில்லை, அவருக்கு அன்றைக்குப் பேர் போயிற்று.

இரண்டாவது நாள் கிராம உத்தியோகத்தரிடம். அவர், தோட்டத்திலிருந்து கடிதம் இல்லாமல் வதிவிடச் சான்று எழுத முடியாது என்றார். அதற்குத் தோட்ட அலுவலகம். பெரிய கிளாக்கர் லீவு. அவர் வந்த பிறகு கடிதம் கிடைத்து, கிராம உத்தியோகத்தர் சான்று எழுதி, மூன்றாவது நாள் அதைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோய் மேலொப்பம் வாங்கினார்கள். நான்காவது நாள் மறுபடி வங்கி.

இப்போது வேறு சிக்கல். தோட்ட அலுவலகம் கொடுத்த கடிதத்தில் முகவரி எப்படி இருந்தது தெரியுமா? அக்காவின் பெயர், கீழே 'மே/பா' போட்டுத் தோட்ட முகாமையாளர், பிறகு தோட்டத்தின் பெயர், தபால் நிலையத்தின் பெயர். லயத்து இலக்கம் இல்லை. காம்பரா இலக்கம் இல்லை. டிவிசன் கூட இல்லை. நம்மில் எத்தனை பேருக்கு இந்த முகவரிதான் என்று கையைத் தூக்கச் சொன்னால் இந்த மண்டபத்தில் தூக்காத கை எத்தனை இருக்கும்? நம் பிள்ளைகளின் கடிதம், நீதிமன்றக் கடிதம், ஆஸ்பத்திரிக் கடிதம் எல்லாம் அந்த 'மே/பா' வழியாகத்தான் வருகிறது. அலுவலகத்தில் ஒரு மேசையில் கிடந்து, யாரோ மலைக்குப் போகிறவரிடம் கொடுத்து, மழையில் நனைந்து வருகிறது. நேர்முகத் தேர்வுத் திகதி முடிந்த பிறகு கடிதம் கிடைத்த பிள்ளைகளை எங்கள் பாடசாலையிலேயே பார்த்திருக்கிறோம்.

வங்கியில் சொன்னார்கள்: மே/பா என்றால் அந்த இடத்தின் சொந்தக்காரர் சம்மதக் கடிதம் தர வேண்டும்.

சொந்தக்காரர் யார்? இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். 1972இலும் 1975இலும் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தது. காணி குத்தகைக்குத்தான் போனது, சொந்தம் அரசாங்கத்திடமே இருக்கிறது. துரை கம்பனியின் உத்தியோகத்தர். லயத்தைக் கட்டியவன் வெள்ளைக்காரன், அவனும் இல்லை. அப்படியானால் அந்த அக்கா சம்மதக் கடிதம் வாங்க எங்கே போவது? மருமகள் கேட்ட கேள்வியை அப்படியே சொல்கிறோம்: "ஜனாதிபதிக்கிட்டயா டீச்சர் போறது?"

அப்போதுதான் நாங்கள் அந்த விதியைத் தேடி எடுத்து வாசித்தோம். முன்பே வாசித்திருக்க வேண்டும். இத்தனை வருடம் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வங்கிக்கு ஏறி இறங்கினோமே தவிர, அவர்கள் எதைப் பார்த்துக் கேட்கிறார்கள் என்று ஒரு நாளும் பார்க்கவில்லை.

விதி உண்மையாகவே இருக்கிறது. வங்கி உத்தியோகத்தர் தன் மனதிலிருந்து கேட்கவில்லை. கள்ளக் காசு கைமாறுவதைத் தடுக்க 2006இல் ஒரு சட்டம் வந்தது. அதன் கீழ் மத்திய வங்கியின் நிதியியல் உளவறிதல் பிரிவு 2016இல் வாடிக்கையாளரை அடையாளம் காண்பது பற்றி விதிகள் போட்டது. கணக்குத் திறப்பவரின் பெயர், அடையாள அட்டை, தொழில், எதற்காகக் கணக்கு, எவ்வளவு காசு வரும் போகும் என்பதையெல்லாம் வங்கி கேட்டு எழுத வேண்டும். மே/பா முகவரியானால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அதை எழுதியவர்கள் கொழும்பில் வாடகை வீட்டில் இருப்பவரை நினைத்து எழுதியிருப்பார்கள். நான்கு தலைமுறையாக ஒரே காம்பராவில், தன் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் இருக்கிற சனத்தை நினைத்து எழுதவில்லை.

ஆனால் அதே விதியில் இன்னொன்றும் இருக்கிறது. அட்டையில் உள்ள முகவரியும் இருக்கிற இடமும் வேறு வேறாக இருந்தால், மூன்று மாதத்துக்கு மேற்படாத கரண்ட் பில், தண்ணீர் பில், டெலிபோன் பில் ஆகியவற்றில் ஒன்றைக் காட்டலாம். அல்லது அங்கே வசிப்பதற்கான வேறு நியாயமான அத்தாட்சியைக் காட்டலாம். இந்த 'அல்லது'வை வங்கி முகப்பில் நமக்கு யாரும் சொல்லவில்லை. பில் இல்லாவிட்டால் போ என்றுதான் சொன்னார்கள். பிரதேச செயலகத்தில் மேலொப்பமிட்ட கிராம உத்தியோகத்தரின் சான்று நியாயமான அத்தாட்சி இல்லையென்றால் வேறு எது?

தோட்ட அலுவலகத்துக்கும் போனோம். மே/பாவை எடுத்துவிட்டு, இன்ன டிவிசன், இத்தனையாம் இலக்க லயம், இத்தனையாம் காம்பரா, இன்ன வருடத்திலிருந்து இங்கே வசிக்கிறார் என்று எழுதித் தரும்படி கேட்டோம். பெரிய கிளாக்கர் முதலில் தயங்கினார். அப்படி எழுதினால் வீட்டுக்கு உரிமை கேட்பார்கள் என்று மேலே பயப்படுகிறார்களாம். வசிக்கிறார் என்றுதான் கேட்கிறோம், சொந்தம் என்று எழுதச் சொல்லவில்லை என்றோம். எழுதிக் கொடுத்தார். (சொந்தம் என்று எழுதச் சொல்லும் நாளும் வரும், அது வேறு கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம். 7 பேர்ச் காணி பற்றிப் பேச ஆரம்பித்தால் இன்றைக்கு வீடு போய்ச் சேர மாட்டோம்.)

ஐந்தாவது நாள் நாங்களும் கூடப் போனோம். சத்தம் போடவில்லை. கடிதம், சான்று, விதியின் பிரதி மூன்றையும் வைத்தோம். அந்த உத்தியோகத்தர் விதியை வாசித்தார். உள்ளே போய் முகாமையாளரிடம் பேசிவிட்டு வந்தார். சரி என்றார். அவ்வளவுதான். நான்கு நாள் முடியாத காரியம் அரை மணித்தியாலத்தில் முடிந்தது. அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டோம். பிழையான கணக்கைத் திறந்துவிட்டால் விளக்கம் எழுதுவது அவர், திறக்காமல் விட்டால் யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் இருந்தால் நாங்களும் 'நாளைக்கு வா' என்றுதான் சொல்லியிருப்போமோ என்னவோ.

மருமகளுக்குப் போனது ஐந்து பேர். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதே, அதன்படி 6,750 ரூபா. பஸ் காசும் பிரதி எடுத்த காசும் தனி.

இதோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். முடியவில்லை. கையெழுத்துப் போடும் இடம் வந்தது.

அந்த அக்கா பள்ளிக்கூடம் போனது இரண்டாம் வகுப்பு வரை. ஆனால் இரண்டு வருடத்துக்கு முன் பிள்ளைக் காம்பராவில் நாங்கள் நடத்திய மாலை வகுப்புக்கு வந்து, தன் பெயரை எழுதப் பழகியவர். வங்கிக்குப் போகும் முந்தின நாள் இரவு பழைய கொப்பியில் ஒரு பக்கம் முழுக்கத் தன் பெயரை எழுதிப் பார்த்திருக்கிறார். வங்கியில் மூன்று இடத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். மூன்றும் ஒன்று போல் வரவில்லை. எப்படி வரும்? கைநடுக்கம் ஒரு பக்கம், பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் ஒரு பக்கம். உத்தியோகத்தர் ஒன்றும் சொல்லாமல் மைப்பெட்டியை எடுத்து முன்னால் தள்ளினார். அக்கா எங்களைப் பார்த்தார். நாங்கள் என்ன செய்தோம்? "வைங்க அக்கா, வேலை முடியட்டும்" என்றோம். ஐந்து நாள் அலைந்த களைப்பில் அப்படிச் சொல்லிவிட்டோம்.

அவர் வைத்தார். கொழுந்துக் கறை ஏறி, தேய்ந்துபோன விரல். முதல் தடவை ரேகை விழவில்லை, துடைத்துவிட்டு மறுபடி வைக்கச் சொன்னார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் எங்களோடு பேசவில்லை.

பிறகுதான் தெரிந்தது, அந்தக் கிளையில் கைநாட்டுக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை கொடுப்பதில்லை. ஒவ்வொரு தடவையும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அவரே நேரில் போக வேண்டும். புதிதாக ஒரு படிவம் வாங்கி, உட்கார்ந்து நிதானமாகக் கையெழுத்துப் போட்டுப் பார்க்க ஒரு கால் மணித்தியாலம் கேட்டிருக்கலாம். நாங்கள் கேட்கவில்லை. சேமலாப நிதிக் காசு வந்துவிட்டது. கணக்கில் இன்னும் கைநாட்டுத்தான் இருக்கிறது. கையெழுத்துக்கு மாற்றித் தரும்படி கேட்கப் போகிறோம், அக்கா இன்னும் 'பார்ப்போம்' என்றுதான் சொல்கிறார்.

எங்கள் பிழை என்று இன்னொன்றும் இருக்கிறது. இது கொஞ்சம் வெட்கமான விஷயம், ஆனால் சொல்லாவிட்டால் நீங்களும் செய்வீர்கள்.

2023 ஜூலை ஞாபகம் இருக்கும். அஸ்வெசும வந்த நேரம். 15,000, 8,500, 5,000, 2,500 என்று பட்டியல் போட்டார்கள். கணக்கு இருந்தால்தான் காசு. பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் விடியற்காலையிலிருந்து வரிசை. அதே மாதக் கடைசியில்தான் மலையக மக்கள் வந்து 200 வருடம் ஆனதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் தொடங்கியது. அதில் போய்ச் சேர்ந்து நடக்க எங்களுக்கு ஆசை. போக முடியவில்லை, வங்கி வாசலில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தோம். அன்றைக்கு ஒரே நாளில் 14 பேருக்கு நிரப்பினோம். தொழில் என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே சொல். மாத வருமானம் என்ற இடத்தில் எல்லோருக்கும் ஒரே தொகை. தொலைபேசி இலக்கம் என்ற இடத்தில், போன் இல்லாதவர், இலக்கம் ஞாபகம் இல்லாதவர், மகனின் இலக்கம் மாறிவிட்டவர் என்று எல்லோருக்கும் எங்கள் இலக்கத்தையே போட்டுவிட்டோம்.

உதவி செய்ததாகத்தான் நினைத்தோம். அன்றிலிருந்து அந்த 14 வீட்டுக்கும் காசு வரும் செய்தி எங்கள் போனுக்கு வருகிறது. யாருக்கு எவ்வளவு வந்தது, யார் எப்போது எடுத்தார் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரியக்கூடாது. "டீச்சர், நமக்கு விழுந்திருச்சா?" என்று வகுப்பு நடக்கும்போது யன்னல் பக்கம் வந்து கேட்கிறார்கள். போன வருடம் ஒருவரின் அட்டை தொலைந்து, அதை நிறுத்த வங்கி அனுப்பிய இரகசிய இலக்கம் எங்கள் போனுக்கு வந்தது. அப்போது போன் பாடசாலை அலுமாரியில் இருந்தது. பார்ப்பதற்குள் நேரம் கடந்து, அவர் மறுநாள் மறுபடி டவுனுக்குப் போக வேண்டியதாயிற்று. சங்கத்தில் இருப்பவர்கள் நல்லவர்களாக இருக்கும்வரை இது வெறும் தொல்லை. நாளைக்கு எங்கள் இடத்துக்கு வேறு யாராவது வந்தால்? இப்போது ஒவ்வொருவராகக் கூட்டிக்கொண்டு போய் மாற்றிக்கொண்டிருக்கிறோம். 9 பேருக்கு மாற்றியாயிற்று.

இதைவிட மோசமானதும் நடக்கிறது, பெயர் சொல்லாமல் சொல்கிறோம். கணக்குத் திறக்க முடியாதவர்கள் கொழுந்தனின் கணக்கைக் கொடுக்கிறார்கள், பக்கத்து லயத்து ஆளின் கணக்கைக் கொடுக்கிறார்கள். கணக்கு இருப்பவர்களிலும் சிலர் ஏ.டி.எம். அட்டையைக் கடையில் வைத்திருக்கிறார்கள், இரகசிய இலக்கத்தையும் சேர்த்து. சாமான் கடனுக்கு ஈடு. முதலாளி எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொடுப்பார். மிச்சம் என்று அவர் சொல்வதுதான் மிச்சம். மாதர் சங்கத் தலைவிமாருக்கு இது எங்களைவிட நன்றாகத் தெரியும். அட்டை யார் கையில் இருக்கிறது என்று உங்கள் டிவிசனில் கேட்டுப் பாருங்கள். கூட்டத்தில் கேட்காதீர்கள், தனியாகக் கேளுங்கள்.

ஒரு விஷயம் எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். வாரக் கடன் கொடுக்கும் நுண்கடன் கம்பனிக்காரர் நம் லயத்தைத் தேடி ஏறி வருகிறார். எந்தக் காம்பரா, எந்த வாசல், எத்தனை மணிக்கு மலையிலிருந்து இறங்குவோம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். தவணை பிந்தினால் அன்றைக்கே வாசலில் நிற்பார். அவர் ஒரு நாளும் 'லிபினய' கேட்டதில்லை. கடன் வாங்கும்போது இருக்கிற முகவரி, சொந்தக் காசைப் போடப் போகும்போது இல்லாமல் போகிறது.

சரி, இனிச் செய்யக்கூடியது.

மொழி பற்றி முதலில். 1987இன் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. 1999இல் நுவரெலியா மாவட்டமும் பதுளையில் சில பிரதேச செயலகப் பிரிவுகளும் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக்கப்பட்டன. ஆகவே பிரதேச செயலகத்தில் தமிழில் கேளுங்கள், தமிழில் எழுதிக் கொடுங்கள். வங்கிக்கு வேறு கட்டளை இருக்கிறது. மத்திய வங்கியின் கட்டளைப்படி சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றில் நீங்கள் விரும்பும் மொழியில் விபரம் கேட்கலாம். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டது என்பார்கள். அலுமாரியில் இருக்கும். எங்களுக்கு ஒரு தடவை எடுத்துக் கொடுத்தார்கள், மேலே தூசி இருந்தது, யாருமே கேட்பதில்லையாம். வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். அந்தத் தாளில் அட்டைக் கட்டணம் இருக்கும், கணக்கில் இருக்க வேண்டிய ஆகக் குறைந்த தொகை இருக்கும், சிலவேளை கேட்காத காப்புறுதியும் இருக்கும்.

திருப்பி அனுப்பினால் சண்டை பிடிக்க வேண்டாம். எந்தத் தாள் குறைகிறது என்று ஒரு துண்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னவுடன் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். தீராவிட்டால் முகாமையாளரிடம் போங்கள். அவரும் முடியாது என்றால் வங்கியின் தலைமையகத்துக்கு எழுத்தில் முறைப்பாடு போகட்டும், பிரதி சங்க அலுவலகத்தில் இருக்கட்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் திணைக்களம் இருக்கிறது, 1935க்கு அழைக்கலாம். 2023இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளின்படி முறைப்பாட்டை ஏற்று விசாரிக்கும் ஒழுங்கு ஒவ்வொரு வங்கியிலும் இருக்க வேண்டும். யாரிடம், எத்தனையாம் திகதி பேசினீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், திகதி இல்லாத முறைப்பாட்டை யாரும் கணக்கெடுப்பதில்லை.

தோட்ட அலுவலகக் கடிதத்தைப் பற்றி ஒரு கோரிக்கையை நிர்வாகத்துக்குக் கொடுத்திருக்கிறோம். ஒவ்வொருவரும் போய்க் கெஞ்சாமல், டிவிசன், லயம், காம்பரா இலக்கத்தோடு எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தடவையில் வசிப்பிடக் கடிதம். வேலை செய்பவருக்கு மட்டும் என்று சொல்லப் பார்க்கிறார்கள். ஒப்புக்கொள்ள முடியாது. பேர் இல்லாதவரும், ஓய்வுபெற்றவரும், கொழும்பில் கடையில் நிற்கும் பிள்ளையும் அந்தக் காம்பராவில்தான் இருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை. வங்கிக்கும் ஒரு கோரிக்கை: மாதத்தில் ஒரு நாள், சம்பளத்துக்குப் பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை, இரண்டு உத்தியோகத்தர்களை டிவிசனுக்கு அனுப்புங்கள், ஒருவராவது தமிழ் தெரிந்தவராக இருக்கட்டும். ஒரு கிளை முகாமையாளர் யோசிக்கிறோம் என்றார். இன்னொருவர் சிரித்தார்.

தலைவர்மாருக்கு ஒரு வேண்டுகோள். ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் முன்னால் நின்று நீங்களே பேசிவிடாதீர்கள். நாம் பேசினால் உத்தியோகத்தர் நம்மைப் பார்த்தே பேசுகிறார், கணக்குக்குச் சொந்தக்காரர் சுவர் ஓரமாக நிற்கிறார். இது எங்களுக்கும் இருக்கிற பழக்கம், விடுவது கஷ்டம்.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண தரம் எழுதும் வகுப்பில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிறோம் அல்லவா, அந்த நேரத்திலேயே பெயரைச் சரிபார்த்துவிடுங்கள். தாயின் சேமலாப நிதி அட்டையில் 'லெச்சுமி', அடையாள அட்டையில் 'லெட்சுமி', பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் 'லட்சுமி'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். சத்தியக்கடதாசி முடிக்க சமாதான நீதவானைத் தேடி இன்னொரு பேர் போகும். ஆசிரியர்கள் நாங்கள் வரவுப் பதிவேட்டில் எழுதும்போதே கவனமாக இருந்திருந்தால் சில குடும்பங்களுக்கு இது வந்திருக்காது. அதையும் ஒப்புக்கொள்கிறோம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 9 மணிக்குக் கீழ் டிவிசன் பிள்ளைக் காம்பராவில் இருப்போம். விதியில் நமக்குத் தேவையான பகுதியைத் தமிழில் அரைப் பக்கமாக எழுதியிருக்கிறோம், ஒவ்வொரு டிவிசனுக்கும் ஒரு பிரதி. வங்கிப் படிவத்தின் தமிழ்ப் பிரதியும் இருக்கும், பென்சிலால் நிரப்பிப் பார்க்கலாம். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதி அட்டை, யாருடைய பெயரில் இருந்தாலும் கடைசி கரண்ட் பில், எல்லாவற்றையும் பொலித்தீன் உறையில் போட்டுக் கொண்டு வாருங்கள், மழைக்காலம். கையெழுத்துப் பழக விரும்புகிறவர்கள் ஒரு கொப்பியும் கொண்டு வரலாம். அந்த அக்காவிடமும் சொல்லியிருக்கிறோம்.